முதல் மோட்டாருக்கு எங்கிருந்து கரண்ட்?

அனல் மின்நிலையம் தானாகக் கிளம்பாது. வெளி ஆட்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கரண்ட் தயாரிக்கிற இடம்தான். ஆனால் தயாரிக்க ஆரம்பிப்பதற்கே கரண்ட் வேண்டும். நிலக்கரியை மாவாக அரைக்கும் மில், பாய்லருக்குள் காற்று தள்ளும் ஃபேன், புகையை இழுத்துச் சிம்னிக்கு அனுப்பும் ஃபேன், அத்தனை அழுத்தத்துக்கு எதிராகத் தண்ணீரை உள்ளே செலுத்தும் ஃபீடு பம்ப், எல்லாமே மோட்டாரில் ஓடுபவை. 210 மெகாவாட் யூனிட் ஒன்று தயாரிப்பதில் 8, 9 சதவீதம் அதன் சொந்தச் செலவுக்கே போய்விடும். சாதாரண நாட்களில் கிரிட்டிலிருந்து, அதாவது எல்லா நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கிற மின்வலையிலிருந்து, வாங்கிக் கிளப்பிக்கொள்வார்கள். கிரிட்டே செத்துக் கிடக்கும் அன்றைக்கு?

அதற்கான வேலைக்குப் பெயர் பிளாக் ஸ்டார்ட். நான் மின்வாரியத்தில் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஈரோட்டில், எந்த நிலையம் எவ்வளவு தயாரிப்பது, எங்கே எவ்வளவு கொடுப்பது என்று பார்க்கும் லோடு டெஸ்பாட்சில், ஷிப்டு பார்த்தே கழித்தவள். அந்த நாட்களில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற நடைமுறை இது. முதலில் ஒரு நீர்மின் நிலையம். அணையில் தண்ணீர் நிற்கிறது. அதைக் கீழே விட யாருடைய தயவும் வேண்டாம். ஸ்டேஷன் பேட்டரி இருக்கிறது, சின்னதாக ஒரு டீசல் செட் இருக்கிறது. மெஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு ஆயில் பிரஷர் ஏற்றி, கேட்டைத் திறந்து, மெஷினைச் சுற்றவிட்டு, ஜெனரேட்டரின் ஃபீல்டுக்குப் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் காட்டினால் வோல்டேஜ் எழும். அதை ஒரு லைனில் ஏற்றி, வழியிலுள்ள சப்ஸ்டேஷன்களில் வேண்டாத பிரேக்கர்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, அனல் நிலையத்தின் வாசல்வரை கொண்டுபோக வேண்டும். மேட்டூரில் அணையும் அனல் நிலையமும் ஒரே ஊரில் இருப்பது ஒரு பாக்கியம். எல்லா நிலையத்துக்கும் அப்படி வாய்க்காது.

வோல்டேஜ் போய்ச் சேர்ந்ததும் மூச்சு விடலாம் என்று நினைத்தால், கஷ்டமே அப்போதுதான் ஆரம்பம். லட்சம் மெகாவாட்டுக்கு மேல் ஓடும் கிரிட்டில் 50 ஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி, எல்லா மெஷினும் சேர்ந்து சுற்றுகிற தாளம், அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஒரே ஒரு சின்ன மெஷின் தனியாக ஓடும்போது ஒரு 5 மெகாவாட் ஃபீடரை, ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு லைனை, சேர்த்தால்கூட ஊசி சரசரவென்று இறங்கும். ஆபரேட்டர் கவர்னரில் கைவைத்து அதைத் தூக்க வேண்டும். தூக்கியதும் அடுத்த ஃபீடர். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பல மணி நேரம் கரண்ட் இல்லாத ஊருக்குத் திரும்பக் கொடுத்தால், அங்கே எல்லா ஃப்ரிட்ஜும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். வழக்கமாக 5 எடுக்கும் ஃபீடர் 10 கேட்கும். கேட்டதைக் கொடுத்தால் மெஷின் டிரிப், தாங்காமல் தானாக நின்றுவிடும். மறுபடி இருட்டு, மறுபடி முதலிலிருந்து.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிட்டையர் ஆனபிறகு நான் படிக்கப் பிடித்துக்கொண்ட விஷயம் பிரபஞ்ச வரலாறு. பெருவெடிப்பிலிருந்து இன்றுவரை 1,380 கோடி ஆண்டுகள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஏறுமுகக் கதையாகச் சொல்கிறார்கள்: முதலில் துகள், பிறகு அணு, நட்சத்திரம், கோள், உயிர், மூளை, நகரம், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிக்கலானது. கதை சரிதான். ஆனால் டெஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அதில் வரிசையாக பிளாக் ஸ்டார்ட்டுகள்தான் தெரிகின்றன. பக்கத்தில் கிடந்த ஏதோ ஓர் எளிய பொருளை வைத்து ஒவ்வொரு கட்டமும் கிளம்பியிருக்கிறது. கிளம்பியபின் அந்தப் பொருள் பெரும்பாலும் மிச்சமில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ பொருள் வழியாக எத்தனை வாட் ஓடுகிறது என்று பார்த்து அதைச் சிக்கலுக்கு அளவுகோலாக வைக்கலாம் என்கிறார் எரிக் சேசன் என்ற அமெரிக்க வான் இயற்பியலாளர். வாட் என்றதும் நான் பேப்பரை எடுத்துவிட்டேன். சூரியன் வெளியிடுவது 3.8 × 10²⁶ வாட். நிறை 2 × 10³⁰ கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 0.0002 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் 60 கிலோ மனுஷி சுமார் 100 வாட். கிலோவுக்கு ஒன்றரைக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் நான் சூரியனைவிட 8,000 மடங்கு உசத்தி! அணுக்கரு இணைவு நடக்கிற சூரிய மையத்திலேயே ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்குள்தான் உண்டாகிறது. தோட்டத்தில் புகைகிற எருக்குழி ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தரும். மூளை 1.4 கிலோ, 20 வாட்; கிலோவுக்கு 14.

இந்த எண்ணைக் காட்டி மனிதன்தான் உச்சம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. டெஸ்பாட்ச் ஆளுக்கு அப்படிக் கொண்டாட மனசு வராது. இவ்வளவு ஓட்டம் கேட்கிற பொருளுக்கு ஓட்டம் நின்றால் தாங்குகிற நேரமும் அதற்கேற்றபடி குறைவு. மூளைக்கு ரத்தம் நின்றால் சில நிமிஷம். சூரியனுக்குள் இணைவு இன்றைக்கே நின்றுபோனாலும் அதன் மேற்பரப்பு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

கிளம்பிய கதைக்கு வருவோம். பெருவெடிப்பு நடந்து சில நிமிஷங்களிலேயே பிரபஞ்சம் மாட்டிக்கொண்டது. எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், துளி லித்தியம், அதோடு சரி. காரணம், அணுக்கருக்களின் வரிசையில் இரண்டு ஓட்டை. 5 துகள் சேர்ந்த கரு நிலைக்காது, 8 துகள் சேர்ந்ததும் நிலைக்காது. ஹீலியத்தில் இருப்பது 4. அதோடு ஒன்றைச் சேர்த்தால் 5, உடைந்துவிடும். இரண்டு ஹீலியத்தைச் சேர்த்தால் 8, அதுவும் உடைந்துவிடும். பிரபஞ்சமோ விரிந்து ஆறிக்கொண்டே போகிறது. வாயு தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நட்சத்திரமாகி, அதன் மையத்தில் 10 கோடி டிகிரி வந்தபோதுதான் மூன்று ஹீலியம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்து கார்பன் ஆக முடிந்தது. அதுவும் கார்பன் கருவுக்கு 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் தோதான ஓர் ஆற்றல் நிலை இருப்பதால். 1953-இல் ஃபிரெட் ஹாயில், உலகத்தில் இவ்வளவு கார்பன் இருக்கிறதே, அப்படியானால் அந்த நிலை இருந்தே தீர வேண்டும் என்று கால்டெக் ஆய்வகத்துக்காரர்களிடம் போய் நின்றார். தேடினார்கள், இருந்தது.

அந்த முதல் தலைமுறை நட்சத்திரங்கள் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் மட்டும் வைத்துக் கிளம்பியவை. வெடித்துச் சிதறி எல்லா வாயுவையும் கலப்படம் செய்துவிட்டுப் போய்விட்டன. அதே மாதிரி ஒன்று இனிப் பிறக்கச் சுத்தமான வாயு கிடைப்பது துர்லபம்.

உயிரும் அப்படித்தான். 1871-இல் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையைப் பற்றிச் சொன்னது பிரசித்தம். அந்த இடத்திலேயே அவர் இன்னொன்றும் சொல்கிறார், அதை யாரும் அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை: இன்றைக்கு அப்படியொரு குட்டையில் புரதம் ஒன்று உருவானாலும், இருக்கிற உயிர்கள் உடனே அதைத் தின்று தீர்த்துவிடும், உயிர்கள் தோன்றுவதற்கு முன்பு அந்தத் தொல்லை இருந்திருக்காது. ஒருமுறை கிளம்பிய உயிர், மறுபடி ஒன்று கிளம்ப இடம் விடவில்லை. போதாக்குறைக்குக் காற்றை ஆக்சிஜனால் நிரப்பிவிட்டது. ஆரம்பகால மூலக்கூறுகளுக்கு ஆக்சிஜன் விஷம்.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒக்லோ. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் உள்ள யுரேனியச் சுரங்கம். 1972-இல் பிரான்ஸில் பியர்லாட் ஆலையில் வழக்கமான சோதனை செய்தபோது, யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.7202 சதவீதத்துக்குப் பதில் 0.7171 என்று வந்தது. மூன்றாவது தசமத்தில் வித்தியாசம். எத்தனையோ ஆபீஸில் 'மீட்டர் எரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் 235 என்பது அணுகுண்டு செய்கிற சரக்கு. குறைந்தது எங்கே போனது என்று கணக்குக் காட்டியாக வேண்டும். நூல் பிடித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் தெரிந்தது, அது ஏற்கெனவே எரிந்த யுரேனியம். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாறைக்குள் இயற்கையாகவே அணு உலை ஓடியிருக்கிறது. இப்படி நடந்திருக்கலாம் என்று பால் குரோடா என்ற வேதியியலாளர் 1956-இலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

ஓடிய விதம்தான் அழகு. நிலத்தடி நீர் பாறையில் ஊறி வரும். அது நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும், தொடர்வினை பிடித்துக்கொள்ளும். சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், வினை நிற்கும். பாறை ஆறும், தண்ணீர் மறுபடி ஊறும். பாறையில் சிக்கியிருந்த செனான் வாயுவை அளந்து 2004-இல் நேரத்தைக்கூடச் சொன்னார்கள்: அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு. பல லட்சம் ஆண்டுகள் இப்படியே. சராசரி வெப்பம் 100 கிலோவாட்டுக்குள்தான், நம் தெருமுனையில் நிற்கிற 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கும் லோடு. ஆபரேட்டர் இல்லை, லாக் புக் இல்லை, ஹேண்டிங் ஓவர் டேக்கிங் ஓவர் இல்லை.

அப்போது மட்டும் ஏன் நடந்தது என்று பார்த்தால் இரண்டு கதவு. யுரேனியம்-235-இன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள். 238-க்கு 447 கோடி. 235 சீக்கிரம் சிதைந்து குறைகிறது. இன்று இயற்கை யுரேனியத்தில் அது 0.72 சதவீதம், அன்று 3 சதவீதத்துக்கும் மேல். கூடங்குளம் உலைக்காக இன்று பாடுபட்டுச் செறிவூட்டிச் செய்கிற எரிபொருளுக்குக் கிட்டத்தட்ட சமம். இன்றைய 0.72-ஐ வைத்துக்கொண்டு சாதாரணத் தண்ணீரில் தொடர்வினை நடக்கவே நடக்காது. கல்பாக்கத்தில் அதற்காகத்தான் கனநீர். சரி, அப்படியானால் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்னும் சுலபமாக நடந்திருக்க வேண்டுமே? அப்போது 235 தாராளமாக இருந்தது, ஆனால் யுரேனியம் ஒரே இடத்தில் குவியவில்லை. ஆக்சிஜன் கலந்த தண்ணீரில்தான் அது நன்றாகக் கரைந்து, பயணம் போய், தோதான இடத்தில் படியும். காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. சேர்த்தது கண்ணுக்குத் தெரியாத சயனோபாக்டீரியா. சூரியனுக்கும் முந்திய நட்சத்திரங்களின் சாவில் உண்டான யுரேனியத்தை நுண்ணுயிர்கள் விட்ட மூச்சு ஓரிடத்தில் குவித்துக் கொடுத்தது. அதிலிருந்த 235 சிதைந்து ரொம்பக் குறைந்துவிடுவதற்குள் இடையில் கிடைத்த அவகாசத்தில் உலை ஓடியது. இனி ஒரு ஒக்லோ தானாகப் பற்றிக்கொள்ள வழியில்லை.

(ஒரு செல் இன்னொரு செல்லை உள்ளே வாங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டு, அது மைட்டோகாண்ட்ரியாவாக மாறியதும் ஏறத்தாழ இதே யுகத்தில்தான். லின் மார்குலிஸ் 1967-இல் இதை எழுதியபோது ஏற்க ஆள் இல்லை. அதுவும் ஒருமுறைதான் நடந்தது. யானை, ஆலமரம், காளான் எல்லாம் அந்த ஒரு கிளம்பலின் வாரிசுகள். இது தனிப் பதிவுக்குரியது, இங்கே விடுகிறேன்.)

மனிதனுக்கு வாய்த்த கதவு நிலக்கரி. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் பாரதீப்பிலிருந்து கப்பலில் வருகிற தால்ச்சர் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு கோண்ட்வானாவாகக் கிடந்த காலத்து மரங்கள், 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. குளோசாப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலையின் அச்சு அந்தக் கரிப் பாறைகளில் இன்றும் கிடைக்கும். ஷிப்டில் இருக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தோன்றியது? கரி ஸ்டாக் எத்தனை நாளைக்கு வரும் என்பது ஒன்றுதான் கேள்வி.

நிலக்கரியைக் கிளப்பியதே நிலக்கரிதான். 1712-இல் இங்கிலாந்தில் டட்லி பக்கம் தாமஸ் நியூகோமன் நிறுத்திய நீராவி இயந்திரம் கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைப்பதற்காக வந்தது. போட்ட கரியின் ஆற்றலில் 1 சதவீதம்கூட வேலையாக மாறவில்லை. இன்று அப்படியொரு மெஷினை டெண்டரில் காட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் சுரங்கத்தின் வாயில் விற்காத பொடிக் கரி மலிந்து கிடந்ததால் கட்டுப்படியானது. நின்றது, ஓடியது, பத்துத் தலைமுறையில் திருத்திக்கொண்டே வந்து 40 சதவீதம் வரை கொண்டுவந்துவிட்டோம். ஆரம்பத்தில் அந்த மட்டமான மெஷினைத் தாங்குகிற அளவுக்குச் சும்மா கிடந்த கரி இல்லாவிட்டால் இது எதுவும் கிடையாது. எண்ணெயும் அப்படியே. 1859-இல் பென்சில்வேனியாவில் டிரேக் தோண்டிய கிணறு 69 அடி. நம்மூரில் போர் போட்டால் அந்த ஆழத்தில் தண்ணீரே வருவதில்லை. இன்று கடலுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் துளைக்கிறார்கள். அந்தத் துளைப்பானைச் செய்யவே முழுத் தொழில் உலகமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே மனித இனத்தின் நெடுங்காலம் பற்றி யாராவது பேசினால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எவ்வளவு தூரம் ஏறுவோம் என்பதை அப்புறம் பார்ப்போம். ஒருமுறை டிரிப் ஆனால் எதை வைத்துக் கிளப்புவது?

என்னோடு ஷிப்டு பார்த்த ஒருவர் இப்போதும் அடிக்கடி போன் பண்ணுவார். அவரிடம் இதைச் சொன்னதற்கு, "ஏனுங்க மேடம், 2012-ல அத்தனை பெரிய கிரிட்டு விழுந்துச்சு. ராத்திரிக்குள்ள தூக்கி நிறுத்திப் போட்டாங்க. நீங்க லட்ச வருசத்துக்கு எதுக்குங்க விசனப்படறீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு வடக்கு கிரிட் விழுந்தது. தூக்கி நிறுத்தி ஒரு நாள்கூட முழுசாகவில்லை, மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வசிக்கிற பரப்பு. அவ்வளவையும் அன்றிரவுக்குள் தூக்க முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மேற்கு கிரிட் உயிரோடு நின்றது. செத்த பகுதிக்கு உயிருள்ள பக்கத்திலிருந்து லைனை இழுத்தார்கள். நம் தெற்கு கிரிட் அப்போது மற்றவற்றோடு டி.சி. இணைப்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. வடக்கின் ஃப்ரீக்வென்சிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ஆக, விழாமல் நின்ற பக்கம் என்று ஒன்று இருந்தது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கே.வி. லைன் சேர்ந்ததும் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே ஃப்ரீக்வென்சி. நான் இதற்கு எதிரி இல்லை. ஆடிக் காற்றில் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் கொட்டுகிற கரண்டை எங்கே தள்ளுவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்த லைனின் அருமை தெரியும். பெரிய கிரிட் சின்ன அடிகளைச் சுலபமாக விழுங்கிவிடும். ஆனால் மொத்தமும் விழுந்தால் லைன் இழுக்க நம் பக்கத்தில் வேறு பெரிய கிரிட் கிடையாது. அணையில் தண்ணீரும் ஸ்டேஷன் பேட்டரியும்தான்.

மனித வரலாற்றையும் இப்படிப் பார்க்கலாம். கி.மு. 1200 வாக்கில் கிரேக்கத்து அரண்மனைகள் விழுந்தபோது எழுத்தே தொலைந்துபோனது. லீனியர் பி என்று இன்று சொல்கிற அந்த எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போய், சில நூற்றாண்டுகள் கிரேக்கர்கள் எழுத்தில்லாமலே வாழ்ந்தார்கள். மறுபடி எழுதத் தொடங்கியது ஃபினீசிய வணிகர்களிடமிருந்து எழுத்தை வாங்கி. பக்கத்து கிரிட்டிலிருந்து லைன்! சிந்துவெளி நகரங்கள் ஓய்ந்தபோது மெசபடோமியா ஓடிக்கொண்டிருந்தது. ரோம் சிதைந்தபோது கான்ஸ்டான்டிநோபிள் நின்றது. உலகம் பல கிரிட்டாக இருந்ததால் எங்கோ ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது உலகமே ஒத்திசைந்து ஓடுகிறது. சிலிக்கானை உருக்கி வளர்க்கிற மூசைகளுக்கு வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸில் பெரும்பங்கு அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்புரூஸ் பைன் என்ற சின்ன ஊரிலிருந்து போகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்து சுரங்க வேலை கொஞ்ச நாள் நின்றதும் சிப் தயாரிக்கிற நாடுகளெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன. அந்த சிப்பில் புற ஊதா ஒளியால் கோடு வரைகிற அதிநவீன இ.யு.வி. இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒரே ஃபீடரில் அத்தனை லோடையும் மாட்டியதற்கு என் பழைய அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாயில் குடியேறிவிட்டால் அதுவே பேக்கப் என்கிறவர்களிடம் எனக்கு ஒத்துப்போகாததும் இந்த இடத்தில்தான். அங்கே மூச்சுக்காற்றே மெஷினில்தான் வரும். அந்த மெஷினுக்கு சிப் பூமியிலிருந்து போகும். ஆளுக்கு இத்தனை வாட் என்று கணக்குப் போட்டால் பூமியை எங்கோ பின்னால் விட்டுவிடும். பேக்கப் என்று அதைக் காட்டுவது, நின்றுபோன அனல் நிலையத்தைக் கிளப்ப இன்னொரு நின்றுபோன அனல் நிலையத்தைக் காட்டுகிற மாதிரி. சில நூற்றாண்டு கழித்து அது சொந்தக் காலில் நிற்குமானால் அப்போது பார்க்கலாம். அதுவரை அது லோடு, ஜெனரேஷன் இல்லை.

அவசரம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். சூரியன் ஒவ்வொரு 100 கோடி ஆண்டுக்கும் 10 சதவீதம் போலப் பிரகாசம் கூடிக்கொண்டு போகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல் தாங்காது. அதற்கு முன்பே செடிகொடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு போதாமல் போகும். சூரியன் செந்நிறப் பூதமாக ஊதுவதற்கு 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. சிவப்புக் குறுமீன்கள் என்கிற சின்ன, மங்கலான நட்சத்திரங்கள் லட்சம் கோடி ஆண்டுக் கணக்கில் எரியும். நம் இனம் பிறந்து 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. ஒரு பாலூட்டி இனத்தின் சராசரி ஆயுள் 10 லட்சம் ஆண்டு என்கிறார்கள். சராசரியைத் தொட்டாலே இன்னும் 7 லட்சம் ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் ஒரு டிரிப்பும் ஆகாது என்று நினைக்கிற டெஸ்பாட்ச் இன்ஜினீயர் யாரையும் நான் பார்த்ததில்லை.

விண்வெளி விஷயத்தில் என் மரியாதை வாயேஜர் விண்கலத்துக்கு. 1977-இல் கிளம்பும்போது அதன் புளூட்டோனிய மின்கலம் 470 வாட். வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைகிறது. ஒரு செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் தூரத்தில் இருப்பதற்கு, இங்கிருந்து உட்கார்ந்துகொண்டு ஹீட்டர், கருவி என்று ஒவ்வொன்றாக அணைத்துவருகிறார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவி போனது. எதை அணைத்தால் எது பிழைக்கும் என்று பட்டியல் வைத்துக்கொண்டு செய்கிற அந்த வேலைக்கு எங்கள் பாஷையில் லோடு ஷெட்டிங் என்று பெயர். அதைவிட நேர்த்தியான லோடு ஷெட்டிங்கை நான் கேள்விப்பட்டதில்லை.

"அப்ப மனுச இனத்துக்கு எதுங்க மேடம் நீர்மின் நிலையம்?" என்று கேட்டார் அந்த நண்பர்.

உலோகம் பிரச்சினை இல்லை என்றேன். இரும்பும் தாமிரமும் அலுமினியமும் ஏற்கெனவே உருக்கி நகரங்களில் குவித்து வைத்திருக்கிறோம். ஓடும் ஆறு இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சோறு. 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் மலைக்குள் விதைக் கிடங்கு திறந்தபோது உலக முடிவுக்கான கிடங்கு என்றுதான் பத்திரிகைகள் எழுதின. முதல் தடவை விதை வெளியே எடுத்ததற்குக் காரணம் உலக முடிவு இல்லை, சிரியாவின் உள்நாட்டுப் போர். அலெப்போவுக்குப் பக்கத்தில், வறண்ட நில விவசாயத்தை ஆராயும் இக்கார்டா அமைப்பின் விதை வங்கிக்குப் போக முடியாமல் போனது. 2015-இல் ஸ்வால்பார்டிலிருந்து தங்கள் விதையைத் திரும்ப வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் எடுத்ததைத் திருப்பி வைக்க ஆரம்பித்தார்கள். கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, பருப்பு. நான் படித்ததிலேயே நிஜமாக நடத்திக் காட்டிய பிளாக் ஸ்டார்ட் இதுதான்.

மைனஸ் 18 டிகிரியில் வைப்பது ஒரு வழி. நெல் ஜெயராமன் வைத்தது இன்னொரு வழி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை வேறு இருவருக்குக் கொடுத்து, 2018-இல் அவர் கண்மூடுவதற்குள் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கிடங்கு வயலிலேயே இருப்பதால் குளிரூட்டக் கரண்ட் வேண்டாம்.

கோபிப் பக்கம் விவசாயம் பார்க்கிற என் தம்பி இதைக் கேள்விப்பட்டு யாரிடமோ தூயமல்லி வாங்கிப் போட்டான். அறுப்பு முடிந்து அவன் படித்த குற்றப்பத்திரிகை நீளமானது. "வெளச்சல் பாதி கூட வரலக்கா. ஆளு ஒசரம் வளந்து, ஒரு காத்துக்கு மொத்தமும் படுத்துக்கிச்சு. மிசின் விட்டு அறுக்க முடியல." 1960-களில் வந்த குட்டை ரகங்கள் எதற்காக வந்தனவோ அதே காரணங்கள்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடனை அவன்தான் கட்டுகிறான். அடுத்த வருஷம் அதை விட்டுவிடப் போகிறாயா என்று கேட்டேன். கால் ஏக்கர் மட்டும் போடுகிறேன் என்றான். நீளமான வைக்கோல், மாடு இரண்டும் அதைத்தான் விரும்பித் தின்கிறதாம்.